விளையாட்டுக் கணிப்பொறிக்குக் குறைந்த செலவில் நினைவகம் தேர்ந்தெடுத்தல்

கணிப்பொறியின் உறுப்புகளுள் நினைவகம் நெடுங்காலமாக மலிவான பொருளாகவே இருந்துவந்தது. செயலி எது, கிராபிக்ஸ் கார்டு எது என்று நாட்கணக்கில் விசாரிக்கும் இளைஞர்கள்கூட, நினைவகத்தைப் பொறுத்தவரை கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதை வாங்கிக்கொண்டு வந்துவிடுவது வழக்கம். 2025ஆம் ஆண்டின் பிற்பகுதியில் அந்நிலை மாறிற்று. சில மாதங்களுக்குள் உலகச் சந்தையில் நினைவகத்தின் விலை இரண்டு மடங்கிற்கும் மேலாக ஏறியது. அதுவரை பிழையாக வாங்கினாலும் பெரிய நஷ்டமில்லை என்றிருந்த பொருள், ஆராய்ந்து வாங்கவேண்டிய பொருளாயிற்று.

இந்த ஆராய்ச்சி கேரளத்தின் தமிழ் வழங்கும் எல்லைப் பகுதிகளில் வாழ்வோருக்குப் பின்னும் அவசியமாகின்றது. பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் ஆகிய ஊர்களில் உள்ளவர்களுக்குக் கணிப்பொறிச் சாமான் வாங்கப் பாலக்காடு நகரைப் போலவே கோயம்புத்தூரும் பொள்ளாச்சியும் அண்மையில் உள்ளன. இடுக்கி மாவட்டத்திலோ நிலைமை வேறு. மறையூர், காந்தளூர்க்காரர் சின்னாறு வழியாக உடுமலைப்பேட்டைக்கும், தேவிகுளம், சூரியநெல்லிப் பக்கத்தார் போடிமெட்டு இறங்கித் தேனிக்கும், குமுளியைச் சார்ந்தோர் கம்பத்திற்கும் செல்வர். பொருந்தாத நினைவகத்தை வாங்கி மலையேறிவிட்டால், அதை மாற்றுவதற்கு மறுபடியும் ஒரு நாள் கூலியும் பேருந்துக் கட்டணமும் வேண்டும். அன்றியும் இவ்வீடுகளில் கணிப்பொறி ஒன்றே ஒன்றுதான். பையன் மாலையில் விளையாடும் அதே யந்திரத்தில்தான் அவன் அக்காள் கல்லூரிப் பாடம் படிக்கிறாள். ஆதலின் இங்கு வீணாகும் பணம் விளையாட்டுக்கென ஒதுக்கிய பணம் மட்டுமன்று.

எல்லைக்கு அப்பால் வாங்கினால் வரி குறையுமா என்று சிலர் கேட்பதுண்டு. குறையாது. 2017ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதியன்று சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வந்தபின், கணிப்பொறி உறுப்புகளுக்கு வாளையாற்றின் இருபுறமும் ஒரே விகிதத்தில், நூற்றுக்குப் பதினெட்டு வீதம், வரி விதிக்கப்படுகின்றது. பட்டியலின்றி வாங்கினால் சிறிது குறைத்துத் தருவதாகச் சொல்லும் கடைகளில் மிச்சமாகும் தொகையைவிட, பட்டியல் இல்லாமையால் இழக்கும் உத்தரவாதம் பெரிது. பல நிறுவனங்கள் நினைவகத்திற்குப் பல்லாண்டு உத்தரவாதம் அளிக்கின்றன. பட்டியல் இருந்தால் மட்டுமே அது நமக்குப் பயன்படும்.

நினைவகம் என்பது யாது?

ஆங்கிலத்தில் மெமரி எனப்படுவதைத் தமிழில் நினைவகம் என்று வழங்குகிறோம். கடைவீதியில் அது ரேம். மொழிபெயர்ப்பாளர் என்ற முறையில் இச்சொல்லைப் பற்றி ஒன்று கூறவேண்டும். நினைவு என்பது நீடித்து நிற்பது என்ற எண்ணத்தை இச்சொல் தோற்றுவிக்கின்றது. ஆனால் இவ்வுறுப்போ மின்சாரம் நின்ற கணமே அனைத்தையும் மறந்துவிடும். நீடித்து நிற்பது வட்டில், அல்லது இன்று பெரிதும் பயன்படும் எஸ்எஸ்டியில், எழுதப்பட்டதே. உழவர்க்கு எளிதில் விளங்கும்படி கூறினால், வட்டு களஞ்சியத்தைப் போன்றது, நினைவகம் நெற்களத்தைப் போன்றது. களஞ்சியத்தில் எத்துணை மூட்டை இருப்பினும், வேலையாட்கள் கை வைப்பது களத்தில் கொட்டியிருப்பவற்றின் மீதுதான். செயலியே அவ்வேலையாள். களம் சிறிதானால் அரைமணிக்கு ஒருமுறை களஞ்சியத்திற்கு ஓடவேண்டும். விளையாட்டின் நடுவே படம் திடீரென்று ஒரு நொடி உறைந்து நின்று பின் நகர்வது பெரும்பாலும் இத்தகைய ஓட்டத்தின் விளைவு.

இன்று நாம் வாங்கும் நினைவகத்தின் அடிப்படை ஐபிஎம் நிறுவனத்தைச் சேர்ந்த ராபர்ட் டென்னார்டு என்பவர் கண்டது. 1968ஆம் ஆண்டு அவருக்கு அதற்கான காப்புரிமை கிடைத்தது. ஒரே ஒரு டிரான்சிஸ்டர், மின்னேற்றத்தைத் தேக்கிவைக்கும் மிகச் சிறிய கொண்மி ஒன்று. இவ்விரண்டும் சேர்ந்து ஒரு பிட் செய்தியைத் தாங்கும். கொண்மி ஓட்டைக் குடத்தைப் போன்றது; அதில் நிரப்பிய மின்னேற்றம் கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே டிடிஆர் 4 வகைத் தகட்டில் 64 மில்லி வினாடிக்கு ஒருமுறை எல்லாக் குடங்களையும் பார்த்து மீண்டும் நிரப்பவேண்டும். வெப்பம் மிகுந்தால் கசிவும் மிகும். இச்செய்தி பாலக்காட்டு வெயிலைப் பற்றிப் பேசும்போது நமக்கு உதவும்.

1970ஆம் ஆண்டில் இன்டெல் நிறுவனம் விற்பனைக்குக் கொண்டுவந்த 1103 என்னும் சில்லு 1,024 பிட்டுகளைத் தாங்கிற்று. இன்று கடையில் கிடைக்கும் 8 கிகாபைட் தகடு ஒன்று ஏறத்தாழ 6,870 கோடி பிட்டுகளைத் தாங்குகின்றது. அப்பழைய சில்லுகள் 6 கோடியே 71 லட்சம் சேர்ந்தால்தான் இந்த ஒரு தகட்டுக்கு ஈடாகும்.

முதலில் பார்க்கவேண்டுவது பொருத்தம்

விலையைக் கேட்பதற்குமுன் தலைமுறையை அறிதல் வேண்டும். மேசைக் கணிப்பொறிகளில் இன்று காணப்படுபவை டிடிஆர் 3, டிடிஆர் 4, டிடிஆர் 5 என்னும் மூன்று தலைமுறைகள். டிடிஆர் 4இன் தரநிர்ணயம் 2012இலும் டிடிஆர் 5இன் தரநிர்ணயம் 2020இலும் வெளியாயின. பின்னிரண்டுக்கும் 288 ஊசிகளே உள்ளமையால் பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றும். ஆயினும் நடுவில் உள்ள வெட்டு இடம் மாறியிருக்கும். ஒன்றன் ஸ்லாட்டில் மற்றொன்றை அழுத்தினால் மதர்போர்டு உடையுமேயன்றித் தகடு இறங்காது. மடிக்கணிப்பொறித் தகடு நீளத்திலும் குறைந்தது. அதை மேசைக் கணிப்பொறியில் செருக இயலாது.

ஏஎம்4 என்னும் அமைப்பைக் கொண்ட ரைசன் செயலிகள் டிடிஆர் 4ஐ மட்டும் ஏற்கும். 2022இல் வந்த ஏஎம்5 அமைப்பு டிடிஆர் 5ஐ மட்டும் ஏற்கும். இன்டெலின் 12, 13, 14ஆம் தலைமுறைச் செயலிகள் இரண்டையும் ஏற்கவல்லன. ஆனால் மதர்போர்டு ஏதேனும் ஒன்றுக்கே செய்யப்பட்டிருக்கும். ஆதலால் இவற்றில் செயலியின் பெயரைச் சொல்லி நினைவகம் கேட்பது போதாது. மதர்போர்டின் பெயரைத் தாளில் எழுதிக்கொண்டு போகவேண்டும். விண்டோஸ் உள்ள யந்திரத்தில் டாஸ்க் மானேஜரைத் திறந்து நினைவகப் பகுதியைப் பார்த்தால், எத்தனை ஸ்லாட்டுகளில் எத்தனை நிரம்பியுள்ளன, எவ்வேகத்தில் ஓடுகின்றன என்பவை தெரியும். கேரளப் பள்ளிகளில் கைட் நிறுவனம் பரப்பியுள்ள உபுண்டு வழிப்பட்ட இயக்குதளத்தில் பழகிய மாணவர்கள், டிமைடிகோட் என்னும் கட்டளையால் இவ்விவரங்களை இன்னும் விரிவாகப் பெறலாம். கடைக்குச் செல்லுமுன் திரையைக் கைப்பேசியில் படம்பிடித்துக்கொள்வது நலம்.

எவ்வளவு போதும்?

விளையாட்டை வெளியிடுவோர் தாமே குறைந்தபட்சத் தேவையை அறிவிக்கின்றனர். வாலரன்ட் 4 கிகாபைட் போதும் என்கிறது. கவுன்டர் ஸ்ட்ரைக் 2, 8 கேட்கிறது. எல்டன் ரிங் குறைந்தது 12 கேட்டு, 16 இருந்தால் நன்று என்கிறது. சைபர்பங்க் 2077உம் 2023இல் திருத்திய பட்டியலில் அதே அளவுகளைக் குறித்தது. இவை விளையாட்டுக்கு மட்டுமான கணக்கு அல்ல. இயக்குதளம் எடுத்துக்கொள்ளும் பங்கும் இவற்றுள் அடங்கும். ஆயினும் பின்னணியில் இணைய உலாவியில் பத்துப் பக்கங்களைத் திறந்துவைத்திருப்பவரின் பங்கு இவற்றில் அடங்காது.

எனது கருத்தில் இன்றைய நிலையில் 16 கிகாபைட் என்பதே சிக்கனத்தின் எல்லை. 8 இருந்தால் சில விளையாட்டுகள் நடக்கும்; பல திணறும். 32 இருப்பது நல்லதே. ஆனால் விலை ஏறியுள்ள காலத்தில், 16இலிருந்து 32க்குச் செல்லும் பணத்திற்குக் கிடைக்கும் பலன், 8இலிருந்து 16க்குச் செல்லும் பணத்திற்குக் கிடைக்கும் பலனில் சிறு பகுதியே. இதை நம்பவேண்டியதில்லை, அளந்தே பார்க்கலாம். வழக்கமாக ஆடும் விளையாட்டை அரைமணி நேரம் ஆடி, டாஸ்க் மானேஜரில் பயன்பட்ட அளவைக் காண்க. 16இல் 11 அல்லது 12தான் நிரம்பியிருக்குமானால், களம் போதும். புதிய களம் வாங்குவதால் வேலை விரைவடையாது.

ஒரு தகடா, இரு தகடுகளா?

பெரும்பாலோர் பணத்தை இழப்பது இவ்விடத்திலேதான். ஆதலின் சற்று விரிவாகக் கூறுவோம்.

மேசைக் கணிப்பொறியின் செயலிக்கு நினைவகத்தோடு உறவாட இரண்டு தடங்கள் உண்டு. களத்திற்கு இரண்டு வண்டிப்பாதைகள் இருப்பதாகக் கொள்க. ஒரே தகடு செருகினால் ஒரு பாதைதான் பயன்படும். மற்றது புல் முளைத்துக் கிடக்கும். டிடிஆர் 4 வகையில் 3200 என்று குறிக்கப்பட்ட தகடு ஒரு தடத்தில் வினாடிக்கு 25,600 மெகாபைட் செய்தியைக் கொண்டுசெல்லும். கணக்கு எளிது: 3200ஐ 8ஆல் பெருக்கினால் போதும். இரண்டு தகடுகள் இரண்டு தடங்களில் இருந்தால் 51,200. ஒரே 16 கிகாபைட் தகட்டுக்கும் இரண்டு 8 கிகாபைட் தகடுகளுக்கும் களத்தின் விஸ்தீரணம் ஒன்றே. போக்குவரத்து மட்டும் இரு மடங்கு வேறுபடுகின்றது.

கிராபிக்ஸ் கார்டு தனியே உள்ள யந்திரத்தில் இவ்வேறுபாடு ஓரளவே தெரியும். ஏனெனில் அக்கார்டு தனக்கென நினைவகம் வைத்துக்கொண்டுள்ளது. கார்டு வாங்க வசதியில்லாமல், படத்தையும் செயலியே வரையும் யந்திரத்தை வைத்திருப்பவர்க்கோ இதுவே தலையாய விஷயம். 2021இல் வெளிவந்த ரைசன் 5 5600ஜி போன்ற செயலிகள் குறைந்த செலவில் விளையாட விரும்புவோரிடையே பெருமதிப்புப் பெற்றன. அவற்றில் படம் வரையும் பகுதி பொது நினைவகத்தையே நம்பி வாழ்கின்றது. ஒரு தடத்திற்கும் இரு தடங்களுக்கும் இடையே, வினாடிக்கு வரையப்படும் படங்களின் எண்ணிக்கை கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை வேறுபடுவது சாதாரணம். கார்டு வாங்க முடியாத ஏழை வீட்டில்தான் நினைவகத் தேர்வு அதிக வேறுபாட்டை உண்டாக்குகின்றது என்பது கவனிக்கத்தக்கது. அவ்வீட்டார்க்கே கடையில் "இப்போது ஒன்று போதும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரே தகடு கொடுத்தனுப்பப்படுகின்றது.

டிடிஆர் 5 விற்போர் சிலர், "இதில் ஒரு தகடே இரு தடம்" என்பர். அத்தலைமுறையில் ஒவ்வொரு தகடும் உள்ளே 32 பிட் அகலமுள்ள இரண்டு சிறு தடங்களாகப் பிரிந்துள்ளது உண்மை. ஆனால் இரண்டையும் கூட்டினால் பழைய 64 பிட்தான் வரும். ஒரு பாதையின் நடுவே கோடு கிழித்தால் அது இரண்டு பாதை ஆகாது. டிடிஆர் 5இலும் இரண்டு தகடுகளே வேண்டும்.

நான்கு ஸ்லாட்டுகள் உள்ள மதர்போர்டில் இரு தகடுகளையும் அடுத்தடுத்துச் செருகினால், இரண்டும் ஒரே தடத்தில் அமர்ந்துவிடக்கூடும். பெரும்பாலான போர்டுகளில் செயலியிலிருந்து எண்ணி இரண்டாவதும் நான்காவதுமே உரிய இடங்கள். போர்டுடன் வந்த சிறு புத்தகம் இதைச் சொல்லும். பணம் கொடுத்து இரண்டு தகடு வாங்கியும் ஒரு தடத்தில் ஓட்டிக்கொண்டிருப்போர் உளர்.

தகட்டின்மேல் எழுதியுள்ள எண்கள்

3200, 3600, 6000 என்பன வேகத்தைக் குறிப்பன. அதனுடன் சிஎல் 16, சிஎல் 22 என்று மற்றோர் எண் இருக்கும். அது காத்திருப்பு, செயலி கேட்டபின் முதல் வண்டி வந்துசேர எத்தனை சுற்றுகள் ஆகும் என்பதைக் காட்டுவது. இவ்விரண்டையும் தனித்தனியே பார்த்தால் ஏமாற இடமுண்டு. காத்திருப்பு எண்ணை 2000ஆல் பெருக்கி, வேக எண்ணால் வகுத்தால், காத்திருக்கும் காலம் நானோ வினாடிகளில் கிடைக்கும்.

3200, சிஎல் 16 என்றால் 10 நானோ வினாடி. 3200, சிஎல் 22 என்றால் 13.75. 3600, சிஎல் 18 என்றால் மறுபடியும் 10. டிடிஆர் 5இல் 6000, சிஎல் 30 என்பதும் 10தான்; 4800, சிஎல் 40 என்பதோ ஏறத்தாழ 16.7. எண் பெரிதானதால் எல்லாவற்றிலும் விரைவு என்று கருதலாகாது. டிடிஆர் 5இன் மேன்மை அதன் போக்குவரத்து அளவில் உள்ளது. முதல் வண்டி வரும் நேரத்தில் அன்று. சிஎல் 16க்கும் சிஎல் 18க்கும் இடையே விளையாட்டில் கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு மிகச் சொற்பம். சிறிது விலை வித்தியாசம் இருந்தால் சிறந்ததை வாங்கலாம். மிகுதியாக இருந்தால் விட்டுவிடலாம்.

தகட்டின்மேல் எழுதிய வேகம் செருகியவுடன் தானே வந்துவிடுவதில்லை என்பதும் பலர் அறியாதது. 3600 என்று வாங்கிய தகடு, பயாஸ் அமைப்பில் எக்ஸ்எம்பி என்னும் ஏற்பாட்டை இயக்கினாலன்றி, 2133 அல்லது 2666 போன்ற பொது வேகத்தில் ஓடிக்கொண்டிருக்கும். ஏஎம்டியின் டிடிஆர் 5 போர்டுகளில் இதற்கு எக்ஸ்போ என்று பெயர். சில மலிவான போர்டுகள் குறிப்பிட்ட வேகத்திற்குமேல் ஏறவே விடா. இன்டெலின் எச்610 வகையில் டிடிஆர் 4 போர்டு 3200க்குமேல் செல்லாது. அதற்கு 3600 வாங்குவது காளை வண்டிக்குப் பந்தயக் குதிரை வாங்கிக் கட்டுவது போலாகும்.

உலோக மூடியும் வண்ண விளக்கும் உள்ள தகடுகளுக்குத் தனி விலை உண்டு. டிடிஆர் 4 தகடு 1.2 வோல்ட்டிலும், எக்ஸ்எம்பி இயக்கினால் பெரும்பாலும் 1.35 வோல்ட்டிலும் ஓடுகின்றது. இதில் தோன்றும் வெப்பத்திற்கு அலங்கார மூடி வேண்டுவதில்லை. விளக்கொளியால் விளையாட்டு விரைவடைவதும் இல்லை.

ஓர் எடுத்துக்காட்டு

சித்தூர் வட்டத்தில் ஒரு வீட்டில் 5600ஜி செயலியும், 2666 வேகமுள்ள 8 கிகாபைட் டிடிஆர் 4 தகடு ஒன்றும் உள்ள யந்திரம் இருப்பதாகக் கொள்வோம். கிராபிக்ஸ் கார்டு இல்லை. இரண்டு ஸ்லாட்டுகளில் ஒன்று காலி. கடையில் மூன்று யோசனைகள் சொல்லப்படும். ஒன்று, பழையதை எடுத்துவிட்டு 16 கிகாபைட் தகடு ஒன்று போடுவது. இரண்டு, மற்றோர் 8 கிகாபைட் தகடு சேர்ப்பது. மூன்று, "டிடிஆர் 4 பழசாகிவிட்டது" என்று போர்டும் செயலியும் உட்பட எல்லாவற்றையும் மாற்றுவது.

இரண்டாவதே தக்கது. செலவு மிகக் குறைவு, களம் இரட்டிக்கின்றது, மூடிக் கிடந்த பாதை திறக்கின்றது. புதிய தகடு 3200 வேகமுள்ளதாயினும், இரண்டும் மெதுவான தகட்டின் வேகத்திலேயே ஓடும். அதனால் பெரிய குறையில்லை. ஒரு தடத்தில் 3200ஐவிட இரு தடங்களில் 2666 மேலானது. வெவ்வேறு நிறுவனத்தின் தகடுகள் ஒத்துப்போகா என்னும் அச்சம் ஓரளவு நியாயமானது. பெரும்பாலும் ஒத்துப்போகின்றன, எனினும் உறுதி கூற இயலாது. எனவே பழைய தகட்டையோ யந்திரத்தையோ கடைக்குக் கொண்டுசென்று, அங்கேயே செருகி ஓட்டிப் பார்த்து வாங்குவதே முறை. மலையிலிருந்து வருவோர் இதைத் தவறாமல் செய்யவேண்டும்.

யந்திரத்தில் டிடிஆர் 3 இருந்தால், புதிய நினைவகத்திற்குப் பெரும்பணம் செலவிடுதல் தகாது. பழைய தகடு ஒன்று சேர்த்துப் படிப்புக்குப் பயன்படுத்திக்கொண்டு, விளையாட்டுக்கான பணத்தைச் சேமித்து வைப்பதே மேல்.

பழைய தகடுகள்

விலையேற்றத்திற்குப்பின் பழைய தகடுகளுக்குக் கிராக்கி உண்டாயிற்று. நினைவகத்தில் தேயும் பாகம் எதுவுமில்லை. நல்ல நிலையில் உள்ள பழைய தகடு புதியதைப் போலவே உழைக்கும். ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உள. பெரிய நிறுவனங்களின் சர்வர்களிலிருந்து கழித்த ரெஜிஸ்டர்டு வகைத் தகடுகள் மலிவாக வருகின்றன. அவை சாதாரண மேசைக் கணிப்பொறியில் இயங்கமாட்டா. இரண்டாவது, சீட்டு மாற்றி ஒட்டிய தகடுகள். மெதுவான தகட்டில் உயர்ந்த வேகத்தின் சீட்டை ஒட்டி விற்பதைக் கண்ணால் கண்டுபிடிக்க இயலாது. சிபியு இசட் என்னும் இலவச நிரல், தகட்டினுள்ளே தொழிற்சாலையில் எழுதிய விவரங்களைக் காட்டும். விற்பவர் அதை ஓட்டிக்காட்ட மறுத்தால் வாங்காதிருப்பதே நன்று.

இவ்விலையேற்றம் எதனால் வந்தது என்று அறிந்துகொண்டால், எப்போது வாங்குவது என்று யோசிக்கவும் உதவும். உலகில் செய்யப்படும் இவ்வகை நினைவகத்தில் பெரும்பங்கு சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான் என்னும் மூன்று நிறுவனங்களிடமிருந்து வருகின்றது. செயற்கை நுண்ணறிவுக்கான கணிப்பொறிகளுக்கு வேண்டிய உயர்வகை நினைவகத்தில் இலாபம் மிகுதியாதலால், மூன்றும் தம் தொழிற்சாலைகளை அப்பக்கம் திருப்பின. 2025ஆம் ஆண்டில் டிடிஆர் 4 உற்பத்தியைக் குறைக்கும் முடிவுகளும் வெளியாயின. அவ்வாண்டு டிசம்பரில் மைக்ரான், சாதாரண வாடிக்கையாளர்க்குப் பல்லாண்டுகளாக விற்றுவந்த குருஷியல் என்னும் வணிகத்திலிருந்து விலகுவதாக அறிவித்தது. இதே நிறுவனம் குஜராத்திலுள்ள சாணந்தில் ஆலை அமைப்பதாக 2023இல் அறிவித்தது நம் நாட்டிற்கு மகிழ்ச்சி தந்த செய்தி. ஆனால் அவ்வாலை சில்லுகளைப் பூட்டிச் சோதிக்கும் வேலைக்கானது, சிலிக்கான் தகட்டில் சில்லுகளை உருவாக்கும் வேலைக்கானதன்று. ஆகவே இந்தியாவில் பூட்டப்படுவதால் கோயம்புத்தூர்க் கடையில் விலை உடனே இறங்கும் என்று எதிர்பார்ப்பதற்கில்லை. புதிய ஆலை கட்டி உற்பத்தி பெருகச் சில ஆண்டுகள் பிடிக்கும். இன்று இன்றியமையாததை இன்று வாங்கலாம், ஆடம்பரத்தை ஒத்திவைக்கலாம், வீட்டில் கழற்றி வைத்துள்ள நல்ல டிடிஆர் 4 தகட்டைப் பழைய இரும்போடு போடலாகாது.

வெயில், காற்று, மூடுபனி

பாலக்காட்டுச் சமவெளியில் கோடையில் வெப்பம் 40 பாகையைத் தாண்டும் நாட்கள் உண்டு. ஓட்டுக் குடமாகிய கொண்மியைப் பற்றி முன்பு கூறினோம். டிடிஆர் 4 தகட்டின் வெப்பநிலை 85 பாகையைக் கடந்தால், 64 மில்லி வினாடிக்குப் பதில் 32 மில்லி வினாடிக்கு ஒருமுறை குடங்களை நிரப்பவேண்டி வரும். காற்றோட்டமுள்ள பெட்டியில் தகடு அவ்வளவு சூடேறுவது அரிது. பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைத்து, தூசியடைத்த விசிறியோடு ஓட்டினால் அரிதல்ல. விளக்குள்ள தகட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு விசிறி வாங்கலாம்.

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியே கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்றில் நிலைமின்சாரம் எளிதில் உண்டாகும். நைலான் சட்டையைக் கழற்றுகையில் படபடவென்று ஒலிப்பது அதுவே. நாம் உணராத அளவுள்ள நிலைமின்சாரமும் சில்லைக் கெடுக்கவல்லது. தகட்டைத் தொடுமுன் பெட்டியின் வண்ணம் பூசாத உலோகப் பகுதியைத் தொடவேண்டும். தகட்டை ஓரங்களில் பிடிக்கவேண்டும். பொன்னிறப் பற்களில் விரல் படலாகாது.

மூணாற்றிலும் வட்டவடையிலும் தொல்லை வேறு. குளிர்ந்த யந்திரத்தை மலையிலிருந்து இறக்கிச் சமவெளியின் வெப்பமான ஈரக்காற்றில் வைத்த உடனே இயக்கினால், குளிர்ந்த நீர்ச்செம்பின்மேல் வியர்ப்பதுபோல் உள்ளே நீர் படியும். இரண்டு மூன்று மணி நேரம் இயக்காமல் விட்டுவைப்பது போதும். மழைக்காலம் முழுவதும் மூடிக் கிடந்த கணிப்பொறி, இயக்கியதும் திரை வராமல் ஒலி மட்டும் எழுப்புமானால், நினைவகம் கெட்டுவிட்டதென்று முடிவு செய்யவேண்டாம். மின்சாரத்தை அகற்றி, தகட்டைக் கழற்றி, பற்களை வெள்ளை அழிப்பான் கொண்டு மென்மையாகத் துடைத்து மீண்டும் அழுத்திச் செருகினால் பலமுறை சரியாகிவிடும். இதற்காக மலையிறங்கி வந்து புதிய தகடு வாங்கியவர்களும் உண்டு.

கேரளத்தின் முதல் நீர்மின் நிலையம் 1940இல் இயங்கத் தொடங்கியது மூணாற்றுக்கு அருகிலுள்ள பள்ளிவாசலில்தான். ஆயினும் மின்சாரம் பிறக்கும் மலை என்பதற்காக மரக்கிளைகள் கம்பியின்மேல் விழாமல் இருப்பதில்லை. சித்திரையிலும் ஐப்பசியிலும் இடியுடன் மழை வருகையில் மின்செருகியோடு இணையக் கம்பியையும் கழற்றிவிடுதல் வேண்டும். பலர் முதலாவதைச் செய்து இரண்டாவதை மறந்துவிடுகின்றனர்.

சோதனை

புதியதாயினும் பழையதாயினும், வாங்கிய வாரத்திற்குள் நினைவகத்தைச் சோதித்துவிடுதல் வேண்டும். மெம்டெஸ்ட் 86 பிளஸ் என்னும் இலவச நிரலை ஒரு பென்டிரைவில் ஏற்றி, கணிப்பொறியை அதிலிருந்து தொடங்கினால், அது ஒவ்வொரு குடத்திலும் எழுதிப் படித்துப் பார்க்கும். எக்ஸ்எம்பியை இயக்கிய பின்னரே இச்சோதனையைச் செய்யவேண்டும். ஏனெனில் நாம் பயன்படுத்தப்போவது அவ்வேகத்தில்தான். இரவு உறங்கப் போகுமுன் தொடங்கினால் காலையில் முடிவு தெரியும். பிழை ஒன்றுகூட இருத்தலாகாது. இருந்தால், எக்ஸ்எம்பியை நிறுத்தி மீண்டும் ஓட்டிப் பார்க்கவேண்டும். அப்பொழுது பிழை மறைந்தால் தகடு பொது வேகத்திற்கு நல்லது, அறிவித்த வேகத்திற்கு ஆகாதது என்று பொருள். இரண்டு வகைத் தகடுகளைக் கலந்து போட்டவிடத்து இது நேரலாம். மறையாவிட்டால், ஒவ்வொரு தகடாகத் தனியே செருகி ஓட்டி, குற்றமுள்ளது எது என்று கண்டு, அதைப் பட்டியலோடு கடைக்குக் கொண்டுசெல்க. இரண்டு தகடுகள் ஒரே பெட்டியில் சோடியாக வந்தவை என்றால், நல்ல தகட்டையும் சேர்த்தே கொண்டுசெல்லவேண்டும். சோடியாக விற்றதைப் பெரும்பாலும் சோடியாகவே மாற்றித் தருவர்.